பூக்க விடாத செடி

நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் பத்துக் கிலோமீற்றர் போனால் ஹக்கல தாவரவியல் பூங்கா. சித்திரை விடுமுறையில் அங்கே கமராவும் கையுமாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ரோசாத் தோட்டத்தைத் தாண்டுவதில்லை. தாண்டவும் தேவையில்லைதான். வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் டேலியா, ஹைட்ரேஞ்சியா, பியூஷியா, பெகோனியா என்று நிறங்கள் கண்ணை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வியர்த்து வழிந்தபடி ஏறி வந்தவர்களுக்கு அந்தக் குளிரும் அந்தப் பூக்களும் சேர்ந்தே விடுமுறை.

ஆனால் ‘வெப்பமண்டலப் பூக்களைப் படமெடுக்கப் போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு ஹக்கலவுக்குப் போகிறவர் ஏமாந்துபோவார். இந்தப் பூங்கா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகையே தள்ளியிருந்தாலும், அந்த உயரம் இங்கே ஐரோப்பியத் தோட்டம் ஒன்றை உயிரோடு வைத்திருக்கிறது. ரோசா, டேலியா, கமீலியா எல்லாமே கப்பலேறி வந்தவை. அசல் வெப்பமண்டலச் செடிகளை வேண்டுகிறவர் மகாவலிக் கரையில் 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவுக்குப் போகவேண்டும். ஹக்கலவில் உள்ளூர்க்காரர்களைக் காண வேண்டுமென்றால் பூப்பாத்திகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையடிப் பக்கமாக நடக்க வேண்டும். அதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம்.

பூவைப் படமெடுக்க வெயில் நல்லதென்று நினைப்பவர்கள் அதிகம். உச்சி வெயிலில் ஒரு சிவப்பு டேலியாவை எடுத்துப் பாருங்கள். இதழின் மடிப்பும் நரம்பும் மறைந்துபோய், படத்தில் ஒரு சிவப்புத் திட்டுத்தான் மிஞ்சும். கமராவின் உணரி சிவப்பைச் சீக்கிரம் நிரப்பிவிடுகிறது. ஒளியளவை ஓர் அரைப்படியோ ஒரு படியோ குறைத்து எடுத்தால்தான் இதழ் இதழாகத் தெரியும். ஹக்கலவில் இந்தத் தொல்லையைப் பாதி நாட்கள் மூடுபனியே தீர்த்துவைக்கிறது. வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் துணியாகி, வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. நிழல் கூர்மையாக விழாது. நனைந்த இலையின் பளபளப்பு மட்டும் நிறத்தை மறைக்கும். அதற்கு ஒரு போலரைசர் வடிகட்டியை மெல்லத் திருப்பினால் போதும், பச்சை அடியிலிருந்து எழுந்துவரும்.

பனிக்கும் ஒரு குணமுண்டு. திரை முழுக்க வெண்மையைக் கண்ட கமரா, வெளிச்சம் மிகுதி என்று தானே முடிவு செய்து படத்தை மங்கலாக்கிவிடும். அங்கே ஒளியைக் கூட்ட வேண்டும். வெள்ளைக் கல்லா அல்லிகளுக்கும் இதே கணக்குத்தான். ஆக சிவப்புக்குக் குறை, வெள்ளைக்குக் கூட்டு. இதை அறிந்துகொண்டால் நுவரெலியா மாவட்டத்தில் எந்த மாதத்திலும் பூவைப் படமெடுக்கலாம். காற்றை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. நெருக்கப்படத்தில் கூர்மை விழும் ஆழம் ஒரு நெல்மணி அகலம்கூட இருக்காது. தண்டு ஒரு மூச்சு அசைந்தால் மகரந்தத்தில் வைத்த கூர்மை பின்னால் இருக்கும் இலைக்குப் போய்விடும். காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமெல்லாம் மழை கொட்டிக்கொண்டிருக்க, மழையை இறக்கிவைத்த காற்று மலைவரம்பைத் தாண்டி வெலிமடைப் பக்கம் வறண்டு இறங்கும். பூங்காவின் மேட்டில் நின்றால் மேற்கே சாம்பல் நிறம், கிழக்கே ஊவாவின் புல்மேடுகளில் மஞ்சள் வெயில். நுவரெலியாவில் குடையோடு ஏறியவர் ஹக்கலவில் குடையை மடக்கிக்கொண்டு இறங்குவார்.

ரோசாவைப் பார்ப்பதற்காகப் போட்ட தோட்டமல்ல இது. 1861இல் இங்கே நட்டவை சின்கோனாக் கன்றுகள். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவின் மரம். அந்தீஸ் மலைக் காடுகளிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கமின் குழு திரட்டிய விதைகளும் கன்றுகளும் நீலகிரிக்கும் இலங்கைக்கும் பகிரப்பட்ட காலம் அது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த ஜோர்ஜ் துவெயிட்ஸ், குளிரும் ஈரமும் உள்ள இந்த மலையடியை அதற்குத் தெரிவுசெய்தார். தோட்டத் துரைமார் முதலில் திரும்பியும் பார்க்கவில்லை. அப்போது கோப்பியில் பணம் கொட்டிக்கொண்டிருந்தது.

1869இல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி தட்டுப்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைக்கப்பட்ட அந்தப் பூஞ்சை பதினைந்து இருபது ஆண்டுகளில் மலைநாட்டுக் கோப்பியை ஒழித்துக்கட்டியது. பிறகுதான் துரைமார் சின்கோனாவுக்கு ஓடினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடியதால் 1880களில் பட்டை மலைபோல் குவிந்து விலை விழுந்தது. அதையும் பிடுங்கியெறிந்துவிட்டுத் தேயிலைக்கு வந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இலேயே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். ஹக்கலவில் பூந்தோட்டம் அமைந்தது, வில்லியம் நொக் போன்ற மேற்பார்வையாளர்கள் காலத்தில், இந்த ஓட்டமெல்லாம் அடங்கத் தொடங்கிய பிறகு. பணம் தராத செடிக்கு அப்போதுதான் இடம் கிடைத்தது.

பாத்திகளைத் தாண்டினால் பன்னத் தோட்டம். எனக்கு ஹக்கல என்றால் இதுதான். ஆளுயரத்துக்கு மேல் எழுந்த மரப்பன்னங்களின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஓலைகள் வானத்தைப் பொடிப்பொடியாக வெட்டி வைத்திருக்கும். இளங்குருத்து சுருண்டு, செம்பழுப்பு மயிர் போர்த்தி, வயலின் தலைபோல நிமிர்ந்து நிற்கும். இங்கே படமெடுக்கத் திணறாதவர் குறைவு. நிறம் ஒன்றே ஒன்று. பச்சைக்குள் பச்சை, அதற்குள் இன்னொரு பச்சை. பூவென்றால் கண் தானாகப் போய் நிற்கும். இங்கே வடிவத்தைத் தேடவேண்டும். ஒரு குருத்தின் சுருள், அடியோலையில் வரிசையாக ஒட்டிய வித்திப் பொட்டுகள், தண்டில் ஏறிய பாசி. பின்புற வெளிச்சத்தில் ஓலையைப் பிடித்தால் நரம்பெல்லாம் ஒளிரும். கால்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும். அட்டைகளுக்குப் புகைப்படக்காரர்களை மிகவும் பிடிக்கும், அசையாமல் நிற்பதால்.

வேலியைத் தாண்டி எழுவது ஹக்கல மலையும் அதைச் சுற்றிய காடும். 1938இலிருந்து அது கடுமையான பாதுகாப்பில் உள்ள இயற்கை ஒதுக்கிடம், உல்லாசப் பயணிகள் நுழைய முடியாது. ஆனால் காடு நம்மிடம் வரும். அடர்ந்த மயிருள்ள மலைநாட்டு ஊதாமுகக் குரங்குகள் கூட்டமாக இறங்கி, வெளிநாட்டு மரங்களின் கொழுந்தை ஒரு கூச்சமுமில்லாமல் தின்னும். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி கமராவுக்கு இரண்டு முழத் தூரத்தில் உட்காரும். சிங்களத்தில் மகா ரத்மல் என்று சொல்லும் காட்டு ரோடோடென்ட்ரன் இந்த உயரங்களில் தானாக வளர்ந்து பூக்கிறது. நீலகிரியிலும் அதற்கு ஒரு கிளைச் சொந்தம் உண்டு. குறிஞ்சி இனத்து நெலுவும் அப்படியே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹோர்ட்டன் சமவெளியை நிறைக்கும் அந்தப் பூவைப் பார்க்க 2013இல் ஊரே திரண்டு ஏறியது. அதே சமவெளியில் ஆங்கிலேயர் கொண்டுவந்த முட்செடியான கோர்ஸும் மஞ்சளாகப் பூத்துக்கிடக்கிறது. படத்தில் அதுவும் அழகாகத்தான் விழும். புல்வெளியை அது தின்றுகொண்டிருப்பது படத்தில் விழாது.

பன்னத் தோட்டத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கமீலியா எங்கே என்று கேட்டேன். காட்டிவிட்டுச் சொன்னார்: “இதுவும் தேயிலையும் ஒரே சாதிதான் சார். இத பூக்க விட்டு வச்சிருக்கோம். அத பூக்க விடமாட்டோம், அம்புட்டுத்தான்.”

“தேயிலை பூக்குமா?”

“பூக்காம? கவ்வாத்துக்குக் கிட்ட வந்த மலையாப் பாருங்க. அடிக்கொப்புல இருக்கும். முன்னாடியெல்லாம் கண்ணுல பட்டா தொர கங்காணியத்தான் ஏசுவாரு.”

அதோடு ஹக்கல எனக்குப் போதுமென்று ஆகிவிட்டது. நுவரெலியாவில் விக்டோரியா பூங்கா இருக்கிறது, விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாகப் பெயர் வைத்தது. பறவை பார்க்கிறவர்களுக்கு நல்ல இடம். அதையும் விட்டுவிட்டு நானுஓயாவில் ரயிலேறினேன்.

நானுஓயாவிலிருந்து ஹட்டன் வரையான ரயில்பாதையில் ஜன்னலோரம் கிடைத்தவர் கமராவைக் கீழே வைக்கமாட்டார். கிரேட் வெஸ்டர்ன் மலை, வட்டகொடை, தலவாக்கலை, சென்கிளேயர் நீர்வீழ்ச்சி, சிங்கமலைச் சுரங்கம். ஆனால் அந்தப் படங்களில் பச்சை ஒரே கம்பளமாகத்தான் விழும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டு விதப் பச்சை தெரியும். சில மலைகளில் செடிக்குச் செடி நிறம் மாறும். ஒன்று மஞ்சள் கலந்தது, பக்கத்தில் கரும்பச்சை, அடுத்தது செம்பு பூசியது. அது விதைத் தேயிலை. பழைய காலத்தில் விதையிலிருந்து முளைத்தவை, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிறவி. வேறு சில மலைகளில் அடியிலிருந்து உச்சிவரை ஒரே பச்சை, அச்சில் வார்த்தது போல. அது வீ.பி. தேயிலை.

தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1925இல் தொடங்கப்பட்டது. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டியெடுத்த துண்டை நாற்றுமேடையில் வேர்விட வைத்து, தாயின் மறுபதிப்பாகவே கன்றுகளை உண்டாக்கும் இந்த வீ.பி. முறை அங்கிருந்துதான் தோட்டங்களுக்குப் பரவியது. டி.ஆர்.ஐ. 2025 என்ற வகை மலைநாடெங்கும் பேர்பெற்றது. இந்த முறையில் விதை வேண்டாம். விதை வேண்டாமென்றால் பூவும் வேண்டாம். முன்பு விதைக்காகவே தனியாக மரமாக வளரவிட்ட தேயிலை தோட்டங்களில் இருந்தது. இன்று இடுப்பளவுக்கு மேல் எழும்பிய தேயிலையைக் கண்டால், அந்த மலையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஹட்டனில் இறங்கினேன். டிக்கோயா, நோர்வூட் வழியாக பொகவந்தலாவைக்குப் போகும் பஸ், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து போகிறது. பொகவந்தலாவைக்குப் போவதற்கு எனக்குப் பூவைத் தவிர வேறொரு காரணம் இருந்தது. அங்கே புனித மரியாள் ஆலயத்தின் வளவில் ஜூலியா மார்கரெட் கமரன் புதைக்கப்பட்டிருக்கிறார்.

புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் விட்டுவிட முடியாத பெயர். கல்கத்தாவில் 1815இல் பிறந்து, நாற்பத்தெட்டு வயதில் மகள் கொடுத்த கமராவோடு வேலையைத் தொடங்கியவர். டெனிசன், டார்வின், ஹெர்ஷல் என்று இங்கிலாந்தின் பெரிய முகங்களையெல்லாம் கண்ணாடித் தகட்டில் பதித்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், இலங்கையின் நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவில் இருந்தவர். இங்கே கோப்பித் தோட்டங்களை வாங்கிப் போட்டிருந்தார். 1875இல் இருவரும் இலங்கைக்கே குடிவந்தார்கள். கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்த காலம். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் ஜூலியா இறந்தார். அடுத்த ஆண்டு கணவரும்.

அதற்கு முன், களுத்துறையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு மரியான் நார்த் வந்து தங்கினார். உலகமெல்லாம் சுற்றிச் செடிகொடிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். அவருடைய எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் லண்டன் கியூ பூங்காவில் தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. பூவை வரைய வந்தவரை கமரன் பிடித்து நிறுத்தி, சால்வை போர்த்தி, தென்னோலை தலையில் குத்தும்படி உச்சி வெயிலில் நிற்கவைத்துப் படமெடுத்ததை நார்த் பிற்பாடு சிரிப்போடு எழுதியிருக்கிறார். ஒருத்திக்குச் செடி வேண்டும், மற்றவளுக்கு முகம். இந்த இரண்டு பெண்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குப் பொழுது போய்விடும்.

கமரன் இலங்கையில் எடுத்தவற்றில் கொஞ்சம்தான் தப்பியிருக்கின்றன. வீட்டிலும் தோட்டத்திலும் வேலைசெய்த தமிழரும் சிங்களவரும் அவற்றில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். டார்வின் படத்துக்கு டார்வின் என்று தலைப்பு. இவர்களுக்கு ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்றாற்போலத்தான். ஹக்கலவில் ஒவ்வொரு மரத்தடியிலும் தகரத்தில் இரட்டைப் பெயர் எழுதி நட்டிருந்தது நினைவுக்கு வந்து தொலைத்தது.

கல்லறையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் வழியில், ஒரு தோட்டத்துச் சந்தியில் இறங்கினேன். கவ்வாத்துக்குக் காத்திருந்த மலையொன்றில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைப் பூவைத் தேடுகிறேன் என்று சொன்னதும் நிரையிலிருந்த ஒருத்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பூவயா? எல்லாரும் ரோட்டோரமா நிப்பாட்டி எங்களத்தான் புடிப்பாங்க. கூடைய வையி, சிரி, கைய இப்பிடி வையின்னு. கூடை இப்ப ஏது தம்பி, சாக்குத்தான? அவங்க நின்னு புடிச்சிட்டுப் போயிருவாங்க, எங்களுக்குக் கிலோ கொறஞ்சா அரப்பேரு போட்டு அர நாள் சம்பளந்தான் தருவாங்க.”

“நீங்க எடுங்கக்கா, நான் எட்டி நின்னு பார்த்துக்கிறேன்.”

“எட்டி நின்னா தெரியாது. குனிங்க.”

செடியின் பாவாடையைக் கையால் தூக்கிப் பிடித்தார். அடிக்கொப்பில், இலைக்கக்கத்தில், வெள்ளை இதழ் ஐந்தாறு, நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் கற்றையாக. ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரியது. கமீலியாவின் ஏழைத் தங்கை. முகம் முழுவதும் தரையைப் பார்த்திருந்தது. தேயிலைப் பூ அப்படித்தான் கவிழ்ந்து பூக்கும். ஆகவே மேலிருந்து எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். முகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் பூவுக்குக் கீழே போகவேண்டும், பூவுக்குக் கீழே கான்தான் இருக்கிறது, மழைநீர் ஓடும் கான். மழைச்சட்டையை விரித்து அதற்குள் மல்லாந்து படுத்தேன். நிரை முழுவதும் சிரித்தது.

கீழிருந்து பார்க்கையில் பூவுக்குப் பின்னால் வெள்ளை வானம். கமரா வழக்கம்போல் பூவைக் கறுப்பாக்கியது. ஒளியைக் கூட்டி, தாள்களில் கூர்மை வைத்து, மூச்சைப் பிடித்தேன். எறும்பு ஒன்று இதழில் ஏறிக்கொண்டிருந்தது. இலேசான மணமும் இருக்கிறது அந்தப் பூவுக்கு. மூக்கருகில் வந்தாலொழிய தெரியாது.

பொழுது சாய்ந்து கொழுந்து நிறுத்த பிறகு, அந்த அக்கா தன் லயத்துக்கு வரச்சொன்னார். “பூ வேணும்னா அங்க வாங்க, இங்க கான்ல படுத்துக் கெடக்காம.” பொய்யில்லை. லயத்து வாசலில், கால் வைக்க மட்டும் இடம்விட்டு, பெயின்ட் வாளிகளிலும் பிஸ்கட் தகரங்களிலும் உடைந்த குடங்களிலும் டேலியா, செவ்வந்தி, பெகோனியா, நீல ஹைட்ரேஞ்சியா. அவருடைய மாமா ஒரு காலத்தில் துரை பங்களாவில் தோட்டக்காரராம். அங்கே வெட்டிப்போட்ட கொப்புகள் இங்கே வந்து வேர்பிடித்து, லயத்துக்கு லயம் கைமாறி, இப்போது எந்த வீட்டு வாளி யாரிடமிருந்து வந்தது என்பதே பெரிய வம்சக் கதை. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு முன்னால் அத்தனை பூ. ஹக்கலப் பாத்திகளில் இல்லாத ஒரு கத்தரிப்பூ நிற டேலியா அங்கே இருந்தது.

அதற்கு நான் முழங்காலிட்டபோது உள்ளேயிருந்து அக்காவின் அம்மா வந்தார். எண்பதைத் தொட்ட வயது, காதில் துளை தொங்கியது. நான் என்ன செய்கிறேன் என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“செடிய விடு அப்பன். என்னைய ஒண்ணு புடி. மாட்டி வைக்கிறதுக்கு ஒரு படமில்ல. அடையாள அட்டையில இருக்குறத பெருசு பண்ணுனா பேய் மாதிரி வரும்னுட்டான் கடைக்காரன்.”

மகள் “ஏம்மா இப்பிடிப் பேசுற” என்று அதட்டினார். கிழவி அதைக் காதில் வாங்கவில்லை. நல்ல சேலையை எடுத்துவரச் சொன்னார். நாற்காலி வந்தது. பனி கீழிருந்து ஏறத் தொடங்கி, லயத்து வாசலில் முகத்துக்கேற்ற மெல்லிய வெளிச்சம் பரவியிருந்தது. டேலியாவைப் பின்னால் வைக்கலாமா என்றேன். வேண்டாமென்றார். அது பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கொப்பாம், அவளோடு இப்போது பேச்சில்லையாம். செவ்வந்தியை வைக்கச் சொன்னார்.

“சிரிக்கணுமா?” என்று கேட்டார்.

“உங்க இஷ்டம் அப்பாயி.”

“அப்ப வேணாம். பேர கீழ எழுதிருவியா? எழுத்துப் பெழ இல்லாம எழுது.”

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டேன்.